ஐந்தொகையில் ஏறாத கடன்

கணக்கு என்பது வெறும் எண்களின் கோவை என்று எண்ணுவோர் பலர். நாம் அவ்வாறு எண்ணவில்லை. ஒருவன் பிறனுக்கு எவ்வளவு கடமைப்பட்டிருக்கிறான் என்பதை அவன் வாய் மறுக்கலாம், நெஞ்சு மறந்துவிடலாம், முறையாக எழுதப்பட்ட பேரேடு மறுப்பதுமில்லை, மறப்பதுமில்லை. அதனாலன்றோ, "எழுதாக் கணக்கு அழுதாலும் தீராது" என்று நம் முன்னோர் சொல்லிவைத்தனர்? செக்ரோலில் பெயர் விழாத நாளுக்குக் கூலி கேட்டு ஆபீசு வாசலில் நின்ற தோட்டத் தொழிலாளிக்கும், ரசீது பெறாமல் பணத்தைக் கொடுத்துவிட்டுப் பின்னர் வழக்காடிய பட்டணத்தாருக்கும் இப்பழமொழியின் பொருளை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

ஆனால் இங்கு ஒரு கேள்வி எழுகின்றது. முறையாக எழுதப்பட்ட கணக்கிலும் எழுதப்படாமல் நின்றுவிடும் கடன் உண்டா? சட்டம் கேட்டவற்றையெல்லாம் ஒளிவின்றி எழுதிவிட்ட ஒருவன், தன் கடமைகள் அனைத்தையும் எழுதிவிட்டவன் ஆவானா? இக்கேள்வியை வானத்தில் வைத்து ஆராய்வதில் பயனில்லை. ஆதலின், அமெரிக்க நாட்டில் மரபணு மருத்துவம் செய்யும் கம்பெனிகளின் கணக்கு முறையை எடுத்துக்கொண்டு, அதில் வைத்து இதனை ஆராயப் புகுகின்றோம். காசின் கணக்கும் உயிரின் நம்பிக்கையும் இவ்வளவு நெருங்கி ஒரே மேசைமேல் கிடக்கும் தொழில் வேறொன்றை நாம் அறியோம்.

இரத்தத்தில் பிராணவாயுவைச் சுமக்கும் ஹீமோகுளோபினைச் செய்யவேண்டிய மரபணு பழுதுபட்டுப் பிறக்கும் குழந்தைக்குப் பீட்டா தலசீமியா என்னும் நோய் உண்டாகின்றது. கடுமையான நோயாயின், சில வாரங்களுக்கொரு முறை பிறர் இரத்தத்தை ஏற்றிக்கொண்டே வாழவேண்டும். ஏற்றிய இரத்தத்தோடு சேரும் இரும்போ இருதயத்திலும் ஈரலிலும் தங்கி உயிரை அரிக்கும். மத்தியதரைக் கடல் நாடுகளிலும் தென்கிழக்காசியாவிலும் இந்நோய் மிகுதி; நம் மலேசிய ஆஸ்பத்திரிகளுக்கும் இது புதிதன்று. இதற்கு மாற்றாக விஞ்ஞானிகள் கண்ட வழியாவது: நோயாளியின் இரத்த மூலவணுக்களைப் பிரித்தெடுத்து, தீங்கு நீக்கிய ஒரு வைரஸின்மேல் நல்ல மரபணுவை ஏற்றி அவ்வணுக்களுக்குள் செலுத்தி, நோயாளியின் எலும்பு மஜ்ஜையைக் கடுமருந்தால் வெறுமையாக்கியபின் திருத்திய அணுக்களைத் திரும்ப விடுதல். 2007ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் இம்முறையால் சிகிச்சை பெற்ற ஓர் இளைஞர், ஏறத்தாழ ஓராண்டில் பிறர் இரத்தத்தின் தேவையினின்று விடுபட்டார் என்னும் செய்தி 2010இல் வெளியாயிற்று.

இம்முறையை மருந்தாக்க முனைந்த கம்பெனி 1992இல் ஜெனெட்டிக்ஸ் என்னும் பெயரில் தொடங்கப்பெற்று, 2010இல் புளூபேர்ட் பயோ என்று பெயர் மாறியது. 2013 ஜூன் மாதத்தில் அது தன் பங்குகளைப் பங்கு ஒன்று 17 டாலர் வீதம் பொதுமக்களுக்கு விற்றது. அப்போது அதனிடம் விற்பதற்கு ஒரு மருந்தும் இல்லை. பரிசோதனைப் பருவத்திலுள்ள கம்பெனி என்பதற்கு இதுவே பொருள். மக்கள் வாங்கியது மருந்தையன்று, மருந்து வரும் என்னும் நம்பிக்கையை.

நம்பிக்கைக்கு ஏட்டில் விலையில்லை

இத்தகைய கம்பெனி தன் ஐந்தொகையில் அந்நம்பிக்கைக்கு என்ன விலை போட்டு எழுதுகின்றது? ஒன்றும் எழுதுவதில்லை என்பதே விடை. ஆராய்ச்சிக்கென்று செலவிடும் பணம் அனைத்தையும் செலவிட்ட ஆண்டிலேயே செலவாகக் கழித்துவிட வேண்டும், அதனை ஆஸ்தியாக ஏட்டில் ஏற்றலாகாது என்பது 1974ஆம் ஆண்டு முதல் அமெரிக்கக் கணக்கு விதி. பிற நாடுகள் பலவற்றில் வழங்கும் சர்வதேச விதி, மருந்து தேறும் என்பதற்குத் தக்க உறுதிகள் கிட்டியபின் ஆகும் செலவை மட்டும் ஆஸ்தியாக எழுத இடங்கொடுக்கின்றது. மருந்துத் தொழிலில் அவ்வுறுதி அரசாங்க அனுமதிக்கு முன் எளிதில் கிட்டுவதில்லை.

ரப்பர்த் தோட்டத்தோடு இதனை ஒப்பிட்டுப் பாருங்கள். காடு வெட்டி, கன்று நட்டு, களை பிடுங்கி, ஐந்தாறு ஆண்டுகள் ஒரு சொட்டுப் பாலும் காணாமல் காக்கும் செலவை, தோட்டத்தின் ஆஸ்தியாகவே கணக்கர் எழுதுவர். கன்று மரமாகும் என்பது அனுபவத்தால் கண்ட உண்மையாதலின் அவ்வாறு எழுதுவது பொய்யாகாது. ஆராய்ச்சிச்சாலையில் நட்ட கன்றுகளுள் மரமாவன மிகச் சில. எது பட்டுப்போகும், எது தழைக்கும் என்று நட்டவனுக்கே தெரியாது. தெரியாததைத் தெரிந்ததுபோல் எழுதாதே என்று விதி கூறுகின்றது. இதனால், ஆண்டுதோறும் இக்கம்பெனிகளின் ஏட்டில் நஷ்டமே காணும். 2019இல் மட்டும் புளூபேர்டின் நஷ்டம் ஏறத்தாழ 79 கோடி டாலர். பிற்காலத்தில் அதன் குவிந்த நஷ்டம் 400 கோடி டாலரைத் தாண்டிற்று.

இவ்விதியை நாம் பெரிதும் மதிக்கின்றோம். தன் ஆசையைச் சொத்தென்று எழுதிக்கொள்ளும் உரிமை மனிதனுக்கு இல்லை என்னும் ஒழுக்கப் பாடம் இதில் அடங்கியிருக்கின்றது. ஆயினும் இதிலும் ஒரு விந்தையுண்டு. தான் ஆராய்ந்து கண்ட நம்பிக்கையை ஆஸ்தியாக எழுதக்கூடாத அதே கம்பெனி, நடந்துவரும் வேறொரு கம்பெனியை முழுவதும் விலைக்கு வாங்கினால், அதனிடமிருந்த முடிவுறாத ஆராய்ச்சிக்கு ஒரு மதிப்பிட்டு ஆஸ்தியாக எழுதுகின்றது. ஐயம் இரண்டிலும் ஒன்றுதான். இரண்டாவதில் ஒருவன் பணங்கொடுத்தான் என்பதொன்றே வேற்றுமை. ஆகவே, ஏடு காட்டுவது பொருளின் மெய்யான பெறுமானத்தை மட்டுமன்று, யாரிடம் பணம் கைமாறிற்று என்பதையும் ஆகும். இதனை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகின்றோம்.

முன்பணம் கடனாகும்

இரண்டாவது விதி இன்னும் ஆழமானது. 2013இல் செல்ஜீன் என்னும் பெரிய கம்பெனி, கூட்டு ஆராய்ச்சிக்கென்று புளூபேர்டுக்கு 7 கோடியே 50 லட்சம் டாலர் முன்பணமாகத் தந்தது. பணம் பாங்கியில் சேர்ந்துவிட்டது, திருப்பிக் கேட்பாரில்லை. அவ்வாறாயின் அதனை அன்றே வருமானமாக எழுதிக் களிக்கலாமே எனில், கூடாது என்கின்றது கணக்குச் சாஸ்திரம். எதற்காகப் பணம் வாங்கினாயோ அவ்வேலை இன்னும் செய்யப்படவில்லை. செய்யாத வரையில் அது உனக்கு வரவன்று, உன்மேல் நிற்கும் கடன். வேலை நடக்க நடக்கத்தான் அது சிறிது சிறிதாக வருமானமாகும் என்பது முறை.

முன்பணம் என்னும் சொல்லைக் கேட்டவுடன் நம் தோட்டத்து வாசகர்களுக்குப் பழைய கதைகள் நினைவுக்கு வரும். கங்காணி கொடுத்த முன்பணம் கூலியின் தலையில் கடனாக ஏறி, ஆண்டுக்கணக்கில் இறங்காமல் நின்ற வரலாற்றை நம் பாட்டன்மார் சொல்லக் கேட்டிருக்கின்றோம். வாங்கியவன் வறியவனாயின் அக்கடனை உலகம் ஒருநாளும் மறக்க விட்டதில்லை. வாங்கியவன் வலியவனாயினும் மறக்கலாகாது என்பதையே மேற்கண்ட விதி கூறுகின்றது. நீதி இதுவன்றோ?

சந்தேகத்தை எழுதும் நேர்மை

மூன்றாவது விதி யாதெனில், கணக்கு வெளியிடும் நாளிலிருந்து ஓராண்டு வரையிலாவது கம்பெனி தொடர்ந்து நடக்குமா என்று அதன் நிர்வாகிகளே ஆராய்ந்து, பெரும் ஐயம் இருப்பின் அதனை வெளிப்படையாக எழுதவேண்டும் என்பது. 2022 மார்ச் மாதத்தில் புளூபேர்ட் அவ்வாறே எழுதியது: தான் தொடர்ந்து நடப்பது பெரும் ஐயத்துக்குரியது என்று தன் வாயாலேயே ஒப்புக்கொண்டது. அடுத்த மாதம் தன் ஊழியர்களில் ஏறத்தாழ நூற்றுக்கு முப்பது பேரைக் குறைத்தது. அதே ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அதன் தலசீமியா மருந்துக்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அனுமதி வழங்கிற்று. ஆராய்ந்து மதிப்பிடத் தக்க 36 பேரில் 32 பேர் இரத்தம் ஏற்றும் தேவை நீங்கினர் என்று கண்டனர். மருந்து வென்ற ஆண்டே மடி வெறுமையான ஆண்டுமாயிற்று.

மருந்தின் விலை 28 லட்சம் டாலர். செப்டம்பரில் அனுமதி பெற்ற மற்றொரு மருந்தின் விலை 30 லட்சம். 2023 டிசம்பரில் அனுமதி பெற்ற மூன்றாவதின் விலை 31 லட்சம். தலசீமியா மருந்தால் இரண்டாண்டுக்குள் இரத்தம் ஏற்றும் தேவை நீங்காவிடின் விலையில் நூற்றுக்கு எண்பது வரை திருப்பித் தருவதாகவும் கம்பெனி ஒப்பந்தம் பேசிற்று. அரிய குழந்தை நோய்களுக்கு மருந்து கண்டோர்க்கு அந்நாட்டு அரசாங்கம் அளிக்கும் முன்னுரிமைச் சீட்டுகள் இரண்டை ஒன்று 10 கோடியே 20 லட்சத்துக்கும் மற்றொன்று 9 கோடியே 50 லட்சத்துக்கும் விற்றுச் சிறிது காலம் தாக்குப்பிடித்தது.

2024இல் வேறொரு தவறு வெளிவந்தது. தான் முன்பு வெளியிட்ட 2022ஆம் ஆண்டுக் கணக்கையும் 2023இன் முதல் மூன்று காலாண்டுக் கணக்குகளையும் திருத்தியெழுத வேண்டியிருப்பதாகக் கம்பெனி அறிவித்தது. காரணம் என்ன? பிற தொழிற்சாலைகளோடு செய்துகொண்ட உற்பத்தி ஒப்பந்தங்களுக்குள் குத்தகைகள் மறைந்திருந்தன. அவற்றை முறைப்படி எழுதவில்லை என்பதே. ஒப்பந்தத்துக்கு எப்பெயர் இட்டாலும், பிறன் கட்டடத்தில் ஓர் இடம் உனக்கென்றே ஒதுக்கப்பட்டிருப்பின் அது குத்தகையே; அதற்குக் கொடுக்கவேண்டியது உன் கடனே; அதனை ஐந்தொகையில் ஏற்று என்கின்றது விதி. பெயரைப் பார்க்காதே, பொருளைப் பார் என்னும் இக்கட்டளையை நாம் மனமார வாழ்த்துகின்றோம்.

இவ்வளவும் செய்தும் கம்பெனி நிலைக்கவில்லை. 2024 டிசம்பரில் இருபது பங்குகளை ஒன்றாக்கிற்று. 2025இல் கார்லைல், எஸ்.கே. காபிடல் என்னும் முதலீட்டு நிலையங்கள் அதனை வாங்கிக்கொண்டன. அவ்வாறு ஒன்றாக்கிய பங்குக்குக் கிடைத்தது ரொக்கமாக 5 டாலர். அல்லது 3 டாலரும், விற்பனை குறித்த அளவை எட்டினால் பின்னர் வரக்கூடிய ஒரு தொகைக்கான உரிமையும். பழைய கணக்கில் ஒரு பங்குக்குக் காலே டாலர். இடையில் புற்றுநோய்ப் பிரிவைத் தனிக் கம்பெனியாக்கி அதன் பங்குகளைப் பங்குதாரருக்கு அளித்ததுண்டு எனினும், நஷ்டம் பெரிதே. ஆயினும் பங்குதாரர் ஏமாற்றப்பட்டார் என்று நாம் கூறத் துணியோம். ஒவ்வொரு காலாண்டிலும் கையிருப்பு எவ்வளவு, அது எதுவரை தாங்கும் என்பதை எழுதி அவர் கையில் கொடுத்தனர். அவர் அறிந்தே நின்றார், அறிந்தே இழந்தார்.

அறியாமல் நின்றவர் யார்?

இனி, ஏட்டில் பெயரில்லாத மற்றொரு கூட்டத்தாரைப் பார்ப்போம். மருந்து தேறுமா தேறாதா என்று அறிவதற்குத் தம் உடலையே கொடுத்தவர் அவர். பணங்கொடுத்தவர் பலர் இருந்தும், இவர் கொடாதிருந்தால் மருந்து இல்லை. தலசீமியா மருந்தின் தொடக்கப் பரிசோதனைகளில் அமெரிக்கர், பிரெஞ்சுக்காரர் மட்டுமன்றி, ஆஸ்திரேலியாவிலும் நம் அண்டை நாடாகிய தாய்லாந்திலும் உள்ள நோயாளிகளும் கலந்துகொண்டனர். ஐரோப்பாவில் 2019இல் அம்மருந்துக்கு நிபந்தனை அனுமதி கிடைத்தது. ஐந்து தவணையில் 15 லட்சத்து 75 ஆயிரம் யூரோ விலை கேட்டனர். ஜெர்மனியோடு விலை படியவில்லை. 2021இல் கம்பெனி ஐரோப்பாவையே விட்டு வெளியேறிற்று. தாய்லாந்தில் அது மருந்தை விற்க வரவேயில்லை. உடல் கொடுத்த நாடுகளில் மருந்து இல்லை. மருந்து உள்ள நாட்டில் அதன் விலை மலைபோல் நிற்கின்றது.

மற்றொன்றும் உண்டு. மரபணுவை உடலணுவின் உள்ளே நிலையாகப் பதிக்கும் சிகிச்சை முடிந்தபின்னும் முடிவதில்லை. பதினைந்து ஆண்டு வரை நோயாளியைக் கண்காணிக்க வேண்டும் என்பது அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் நெறி. இது வீண் அச்சமன்று. இதே கம்பெனியின் மூளைநோய் மருந்தைப் பரிசோதனையில் பெற்ற 67 சிறுவரில் 7 பேருக்கு இரத்தப் புற்று வகை நோய் கண்டதாக 2024இல் மருத்துவர் வெளியிட்டனர். சிகிச்சை பெற்ற சிறுவன் வாலிபனாகும் வரையில் ஆண்டுதோறும் அவனைக் கூப்பிட்டு இரத்தம் எடுத்துப் பார்க்க ஒருவர் இருந்தாக வேண்டும்.

அச்செலவு ஐந்தொகையில் எங்கே இருக்கின்றது? இத்தொழிலின் வழக்கப்படி, நடந்து முடிந்த பரிசோதனைக்குரிய தொகையே கடனாக எழுதப்படும். பதினான்காம் ஆண்டில் நடக்கவேண்டியது பதினான்காம் ஆண்டில்தான் ஏட்டில் ஏறும். கம்பெனியோ ஓராண்டு நிற்பதே ஐயம் என்று தானே எழுதுகின்றது! பிறன் கட்டடத்தில் ஒதுக்கிய ஓர் அறையின் வாடகையைப் பல்லாண்டுக்கும் கணக்கிட்டு இன்றே கடனாக எழுதச் சொல்லும் சாஸ்திரம், ஒரு குழந்தைக்குச் செய்யவேண்டிய பதினைந்தாண்டுக் காவலை இன்றைய கடனாக எழுதச் சொல்லவில்லை. புளூபேர்ட் கம்பெனி தன் நோயாளிகளைக் கைவிட்டுவிட்டது என்று நாம் பழி சுமத்தவில்லை. கைவிடாதிருப்பதற்கு வேண்டிய பணம் ஏட்டிலே கட்டிவைக்கப்படவில்லை என்பதே நாம் சொல்வது.

கணக்குச் சாஸ்திரத்தின் சொந்த நீதியைக் கொண்டே இதனை அளந்து பாருங்கள். முன்பணம் பெற்றவன், வேலையை முடிக்கும் வரையில் கடன்காரன் என்றனரன்றோ? நோயாளி கொடுத்தது முன்பணம் அல்லாமல் வேறென்ன? தன் மஜ்ஜையை வெறுமையாக்க இசைந்தான். தன் பிற்கால வாழ்நாளையே பணயமாக வைத்தான். அதனைப் பெற்றுக்கொண்ட கம்பெனி, தன் பங்கு வேலையாகிய காவலை முடிக்கும் வரையில் கடன்காரனே. செல்ஜீன் கொடுத்தது டாலராதலின் எழுதினர். நோயாளி கொடுத்தது உடலாதலின் எழுதவில்லை. பணம் கைமாறிய இடத்தில்தான் ஏடு கண் திறக்கின்றது என்று முன்னர்க் கூறினோம். அக்குறையே இங்கும் நிற்கின்றது.

மறுப்பும் விடையும்

இதற்கு மூன்று மறுப்புகள் கூறுவர். முதலாவது, நோயாளி இசைந்து கையொப்பமிட்டவன்தானே என்பது. ஆம், ஆனால் எதனை அறிந்து இசைந்தான்? 1999இல் அமெரிக்காவில் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்து மரபணுப் பரிசோதனையில் ஜெஸ்ஸி கெல்சிங்கர் என்னும் 18 வயது இளைஞர் இறந்தார். அவ்வாராய்ச்சியின் தலைவருக்கு அதனோடு தொடர்புடைய கம்பெனியில் பங்கு இருந்தது பின்னர்ப் பெரும் கண்டனத்துக்குள்ளாயிற்று. மருந்தின் ஆபத்தை மட்டும் அறிந்தால் போதாது, பணத்தின் நிலையையும் அறிந்தால்தான் இசைவு இசைவாகும் என்பதை அன்றே உலகம் கற்றது. பங்குதாரருக்கு எழுதிக் கொடுக்கும் ஐயத்தை நோயாளிக்குச் சொல்லாது விடுவது எந்த நீதி?

இரண்டாவது, இவ்வளவு கடனையும் முன்னரே ஏற்றினால் எவரும் இத்தொழிலில் இறங்கார். மருந்தே பிறவாது என்பது. இம்மறுப்பு வலிமையுள்ளது, நாம் இதனை எளிதில் தள்ளவில்லை. இரத்தம் ஏற்றிக்கொண்டே வாழும் குழந்தையின் தாய்க்கு, பழுதான நம்பிக்கையும் நம்பிக்கையே. ஆயினும், கடனை எழுதாததனால் கடன் இல்லாமற் போவதில்லை. எழுதாத கடன் இறுதியில் நோயாளியின் தலையிலும் அரசாங்க ஆஸ்பத்திரியின் தலையிலும் விழுகின்றது. தாங்க முடியாத சுமையை மெலிந்தவன் தோளுக்கு மாற்றிவிட்டு, சுமை குறைந்தது என்று சொல்வதை நாம் ஒப்போம்.

மூன்றாவது, லாபத்துக்கென்று கூடிய கம்பெனியிடம் தர்மம் எதிர்பார்ப்பது பேதைமை என்பது. இத்தாலியில் நடந்ததைக் காண்க. பிறவியிலேயே நோயெதிர்ப்பு அற்ற குழந்தைகளுக்கான ஸ்ட்ரிம்வெலிஸ் என்னும் மரபணு மருந்தை ஒரு பெரிய கம்பெனியிடமிருந்து 2018இல் பெற்ற ஆர்ச்சர்ட் கம்பெனி, 2022இல் அதில் மேலும் பணம் போட இயலாது என்று கைவிரித்தது. அப்போது அதனை ஏற்றுக்கொண்டது, பொதுமக்கள் தரும் நன்கொடையால் நடக்கும் டெலிதோன் தர்ம ஸ்தாபனம். 2023 முதல் அம்மருந்து அதன் பொறுப்பில் இருக்கின்றது. லாபம் விட்டுச் சென்ற இடத்தில் பொதுமக்களின் சிறு காசு வந்து நின்றது. அத்தகைய ஸ்தாபனம் எல்லா நாட்டிலும் இல்லை. இருக்கும் என்று நம்பிக் கடனை எழுதாது விடுவதும் நேர்மையன்று.

நாம் வேண்டுவது மிகையன்று. முதலாவது, நோயாளியின் உடலைத் தொடும் முன்னரே, அவனுக்குரிய பதினைந்தாண்டுக் காவலுக்கு வேண்டிய தொகையைக் கம்பெனியின் கடன்காரர் எவரும் தொட இயலாத தனி நிதியாகப் பிறரிடம் ஒப்படைக்க வேண்டும். இரண்டாவது, கையொப்பம் வாங்கும் தாளில், "எங்கள் பணம் இத்தனை மாதங்களுக்கே போதும், அதன்பின் உன்னைப் பார்க்கவேண்டியவர் இன்னார்" என்று அவன் தாய்மொழியில் எழுதியிருத்தல் வேண்டும். மூன்றாவது, எந்த நாட்டார் பரிசோதனைக்கு உடல் கொடுத்தனரோ அந்நாட்டாருக்கு மருந்து கிடைக்கும் வழி யாது என்பதைப் பரிசோதனை தொடங்கும் முன்னரே சொல்லிவிட வேண்டும். வழி இல்லையாயின், இல்லை என்றாவது சொல்லவேண்டும்.

வாசகர்களே, இது தொலைவிலுள்ள செல்வர் தேசத்துக் கணக்கு, நமக்கென்ன என்று எண்ணாதீர்கள். தாய்லாந்துவரை வந்த பரிசோதனைக்கு மலேசியா தொலைவன்று. நாளை நம் பிள்ளை ஒருவனின் கட்டிலருகே ஒரு வெள்ளைத் தாள் வந்து நிற்கலாம். அப்போது மருந்து நல்லதா என்று மட்டும் கேட்டு நின்றுவிடாமல், இதன் கணக்கு எங்கே, அதில் எங்கள் பிள்ளைக்குரிய கடன் எந்தப் பக்கத்தில் எழுதப்பட்டிருக்கின்றது என்றும் கேட்கப் பழகவேண்டும். செக்ரோலில் தன் பெயர் விழுந்ததா என்று எட்டிப்பார்த்த தொழிலாளியை நாம் பேராசைக்காரன் என்று கூறியதில்லை. தன் உழைப்பின் மதிப்பை அறிந்தவன் என்றே கூறினோம். தன் உடலின் மதிப்பை அறிந்தவனும் அவ்வாறே கேட்கக் கடவன்.